ஆறடிக் காசோலை

அத்தியாயம் 7

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு ஊசி தொலைந்தால் ஒன்பது பேர் தேடுவார்கள், தொண்ணூறு பேர் யோசனை சொல்வார்கள், மிச்ச சனம் முழுவதும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும். அப்பேர்ப்பட்ட ஊரில், வெள்ளிக்கிழமை காலை, சூரியன் சாட்சியாக, ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு காசோலை காணாமல் போயிருந்தது. பார்த்தேன் என்று சொல்ல ஒரு காக்கா கூட இல்லை.

"ஆறடியா?" என்றான் கால்வின். "எந்த பேங்க்ல பாஸ் இத மாத்துறது? உள்ள கொண்டு போகணும்னா கதவை இல்ல கழட்டணும்!"

"மாத்துற செக் இல்லலா. படம் புடிக்கிற செக்," என்றாள் நவமணி.

நவமணியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே ஓடிய பஸ்களில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி. டிக்கெட் எடுத்தவன் சட்டைப் பையைத் தடவுவான். எடுக்காமல் பொய் சொல்லப் போகிறவன் நேராகக் கண்ணைப் பார்ப்பான். காசில்லாமல் ஏறிவிட்டு வெட்கப்படுகிறவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். இந்த மூன்றாவது ஆளை அவள் ஒருநாளும் இறக்கிவிட்டதில்லை.

கால்வின் பதினேழு வயதில் அவளிடம் டிக்கெட் இல்லாமல் மாட்டியவன். இப்போது முப்பத்தாறு வயது, வாடகைக் காடி ஓட்டுகிறான். அன்றைக்கு மாட்டியவன் இன்றைக்கு வரை அவளை விட்டு இறங்கவில்லை.

அவர்களை வரவழைத்தவள் விமலா, புந்தோங் வட்டார அறவாரியத்தின் செயலாளர். மண்டபத்து வாசலில் பொன்னாடைப் பொட்டலங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மாலை ஐந்து மணிக்கு நிதி வழங்கும் விழா.

"போலீசுக்குப் போகலியா?"

"ஐயோ, வேணாங்க்கா. போலீசுக்குப் போனா பேப்பர்ல வரும். செக்கைத் தொலைச்ச அறவாரியம்னு பேர் வந்துட்டா அடுத்த வருஷம் யாரு நம்மள நம்பிக் குடுப்பா?"

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த அறவாரியம் ஊர்க்காரர்களின் நம்பிக்கையில் மட்டுமே நடந்தது. தோசைக் கடைக்காரர் முதல் லாரி முதலாளி வரை, அவரவர் தகுதிக்குக் கொடுப்பதை ஒரே பானையில் சேர்த்து வைத்து, இந்த வட்டாரத்துத் தேவைக்கே எடுத்துக் கொடுப்பார்கள். பெரிதாகக் கொடுப்பவர் அம்மா பேரிலோ அப்பா பேரிலோ ஒரு நிதி தொடங்கலாம். ஆனால் அது யாருக்குப் போகவேண்டும் என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. அதை ஏழு பேர் கொண்ட குழு முடிவு செய்யும். என் மச்சான், உன் சம்பந்தி என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, மனுவில் பெயர் இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்து, எண்ணைப் பார்த்து மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள்.

இதுவரைக்கும் எமதர்மனே வந்தாலும் குறை சொல்ல முடியாது. இதற்கு அப்புறம்தான் நம் ஆட்களின் மூளை வேலை செய்யும். இவ்வளவு பத்திரமாக மறைத்த பெயரை, தேர்ந்தெடுத்த மறு வாரமே ஆறடிப் பலகையில் கொட்டை எழுத்தில் ஒட்டி, வாங்குபவரை மேடை ஏற்றி, மைக்கில் அவர் நோயையும் கஷ்டத்தையும் விலாவாரியாக வாசித்து, படம் எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்புவார்கள். அந்தப் பலகையைத்தான் காணவில்லை.

"வேற எதாச்சும் போச்சா?" என்று கேட்டாள் நவமணி.

"ஒண்ணும் இல்லக்கா. மைக் இருக்கு, லேப்டாப் இருக்கு. தின்ன வாங்கி வச்ச இருநூறு கறிபாப் அப்படியே இருக்கு."

"கறிபாப்பைத் தொடலியா?" கால்வின் அதிர்ந்து போனான். "அப்ப வந்தவன் மனுசனே இல்ல, பாஸ்."

"யாரு மேல சந்தேகம்?"

விமலா குரலைத் தாழ்த்தினாள். "சந்தேகம் என்னாக்கா, தலைவர் முடிவே பண்ணிட்டாரு. வாங்கப் போற அம்மாதானாம். கருப்பம்மாள், மனு எண் பதினேழு. சுங்கை சிப்புட்ல இருக்காங்க. வாரத்துக்கு மூணு நாளு ஈப்போவுக்கு வந்து டயாலிசிஸ் பண்ணணும். வர்றதுக்கு வண்டி கிடையாது. பஸ் பிடிக்க முடியாம எத்தனையோ தடவை வராமயே இருந்திருக்காங்க. இப்படியே போனா ஆள் தங்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. ஒரு வருஷத்துக்கு வேன் ஏற்பாடு பண்ண அப்பாவு நினைவு நிதியில இருந்து குடுக்கிறோம்."

"அவங்க ஏன் எடுக்கணும்?"

"காலையில நான் விவரம் சொல்லி வச்ச கொஞ்ச நேரத்துல, எட்டு மணிக்கு அவங்களே திருப்பிப் போன் பண்ணாங்க. மேடைக்கு வர முடியாது, படம் வேணாம், பலகை இல்லாம குடுக்க முடியாதான்னு கேட்டாங்க. முடியாதுன்னேன். அவங்க டயாலிசிஸ் பண்ற எடம் இங்கேருந்து ரெண்டு தெரு. பத்து மணிக்குப் பாத்தா பலகை இல்ல." விமலா பொட்டலங்களை இன்னும் இறுக்கினாள். "வாரியத்துச் சாமான்ல கை வச்சா உதவி ரத்துன்னு சட்டம் இருக்குக்கா. அஞ்சு மணிக்குள்ள பலகை வரலேன்னா, அவங்க பேர வெட்டிட்டு பதினெட்டாம் நம்பருக்குக் குடுக்கணும்னு தலைவர் சொல்லிட்டாரு."

எதிர்க் கோப்பிக் கடை அங்கிள் பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சாட்சி சொன்னார். காலையில் ஒன்பது மணிக்கு மேல் நாற்காலி ஏற்றி ஒரு லாரி வந்தது, இறக்கிவிட்டுப் போனது. வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை.

"அது விக்னேஸ்வரன் ஐயா லாரி," என்றாள் விமலா. "இருபத்திரண்டு லாரி வச்சிருக்காரு. அப்பாவு நினைவு நிதியே அவரு குடுத்ததுதான். நாற்காலியும் ஓசி."

"அப்ப அவர விட்டுரு," என்றாள் நவமணி. "தன் செக்கைத் தானே எவன் திருடுவான்?"

"எங்க மாமா ஒருத்தரு சொந்த மோட்டார் சைக்கிளயே திருடினாரு," என்றான் கால்வின். "மாமிக்குப் பயந்துகிட்டு."

நவமணி சிரித்தாள். அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

*

சுங்கை சிப்புட் சாலையில் ஒரு லாரி அவர்களை முந்திக்கொண்டு போனது. பின்பக்கம் முழுக்க, பல்லிக்குக் கூட இடம் விடாமல், மஞ்சள் பெயிண்டில் 'அப்பாவு துணை' என்று எழுதியிருந்தது.

"எல்லாரும் முருகன் துணைன்னு எழுதுவான், மாரியம்மன் துணைன்னு எழுதுவான். நாங்க மாதா துணைன்னு எழுதுவோம். இது என்னா பாஸ் புது சாமி?"

"விக்னேஸ்வரனோட அப்பாவா இருக்கும்லா. ஓட்டு."

ரப்பர் தோட்டத்தை மூடியபோது அங்கிருந்தவர்களுக்காகக் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பு அது. மின்தூக்கி கிடையாது. இரண்டாம் மாடியில், கதவைத் திறந்து போட்டு நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்லாயி. பிற்பாடு இந்தக் கதையில் அவளுக்குப் பெரிய வேலை இருக்கிறது.

"கருப்பம்மாள் வீடு எதும்மா?" என்று கேட்டாள் நவமணி.

"என்னா?"

"கருப்பம்மாள் வீடு!"

"எதுக்கு? சத்தமாச் சொல்லு தாயி, எனக்குக் காது அடைப்பு."

நவமணி கால்வினைப் பார்த்தாள். கால்வினின் தொண்டை மாதா கோயில் மணிக்கு அண்ணன். யோசிக்காமல் அதைத் திறந்துவிட்டான்.

"அறவாரியத்துல செக்கு காணாமப் போச்சு! கருப்பம்மாள விசாரிக்க வந்திருக்கோம்!"

ஐந்து மாடியிலும் தாளிப்புச் சத்தம் நின்றது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மேல்மாடிக் கம்பியின் மேல் தலைகள் காய்த்துத் தொங்கின. எதிர்க்கதவு மட்டும் மெல்லத் திறந்தது. அங்கே, இடது கையில் அன்றைக்கு ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியபடி, ஒடிந்த கிளை மாதிரி ஒரு பெண்மணி நின்றாள். அறுபத்தைந்து வயதிருக்கும்.

"உள்ள வாங்க," என்றாள் கருப்பம்மாள். "வெளிய நின்னு பேச வேணாம்."

அந்த முழங்கையையும் வீங்கிய பாதங்களையும் பார்த்தபோதே நவமணிக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாதவள் ஆறடிப் பலகையை எங்கே தூக்குவது? ஆனாலும் முப்பத்தொரு வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. "பாத்துரலாமாக்கா?" என்று கேட்டுவிட்டாள். டிக்கெட்டைக் காட்டு என்று கேட்கிற அதே குரலில்.

கருப்பம்மாள் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த துணிப் பெட்டியை இழுத்துக் காட்டினாள். குளியலறையைக் காட்டினாள். பிறகு அடுப்படிக்குப் போய், யாரும் கேட்காமலே, அரிசி டின்னின் மூடியையும் திறந்து காட்டினாள். அடியில் இரண்டு பிடி அரிசி கிடந்தது.

"ஆறடிப் பலகைய அரிசி டின்னுல..." என்று ஆரம்பித்தான் கால்வின். பாதியில் வாயை மூடிக்கொண்டான். அவனைத் தெரிந்தவர்கள், சொந்தக் கல்யாணத்தில் பாதிரியார் பேசும்போது கூட அவன் வாய் மூடியதில்லை என்பார்கள்.

நவமணி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். சுவரில் நாட்காட்டி. அதன் ஆணியில் டயாலிசிஸ் அட்டை. வராத நாட்களுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள், பதினோரு கோடு. அட்டையின் மேலே, அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்.

கருப்பம்மாள் த/பெ அப்பாவு.

நவமணி அதை மூன்று தரம் படித்தாள். பலகையின் மேல்வரி அப்பாவு நினைவு நிதி. கீழ்வரியில் வாங்குகிறவரின் முழுப் பெயர். அவள் தலைக்குள் எங்கோ ஒரு லாரி மஞ்சள் எழுத்தோடு முந்திக்கொண்டு போனது.

"அக்கா," என்றாள், இந்தத் தடவை வேறு குரலில். "விக்னேஸ்வரன் உங்களுக்கு என்னா வேணும்?"

கருப்பம்மாள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் காலால் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று டாக்டர் கூட நம்பியிருக்கமாட்டார்.

"மெதுவாப் பேசுங்க தாயி. யாருக்கும் தெரியாது." கட்டிலில் உட்கார்ந்தாள். "தம்பி. கூடப் பொறந்தவன். மனு போடுறப்ப எந்த நிதியில இருந்து வரும்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையில டயாலிசிஸ் படுக்கையில இருக்கேன், விமலா போன் பண்ணி, விக்னேஸ்வரன் ஐயா கையால வாங்கப் போறீங்கன்னுச்சு. ஊசி குத்தினது கூட வலிக்கல."

"ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்ல. ஒம்பது வருஷம் முன்ன அவன் மகளுக்குக் கல்யாணம், ஈப்போவுல பெரிய ஹோட்டல்ல. நான் போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, இது யாருன்னு கேட்டாங்க. இவன் என் சேலையப் பாத்தான். தோட்டத்துல எங்க பக்கத்து வீட்டு அக்கான்னு சொன்னான்."

கருப்பம்மாள் முந்தானையை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"சாப்பிட்டேன். ஐஸ்கிரீம் கூடக் குடுத்தாங்க. வந்துட்டேன். அப்பறம் போகல." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப நான் மேடை ஏறினா, அந்தப் பலகையப் பாக்கிற அத்தன பேருக்கும் அவன் அன்னைக்குச் சொன்னது பொய்னு தெரிஞ்சிரும்லா? பேரப்புள்ள எடுத்துட்டான். இந்த வயசுல அவனுக்கு எதுக்கு அந்த அசிங்கம்? அதான் வரமாட்டேன்னேன். பலகைய நான் எடுக்கல தாயி. எடுக்கத் தெம்பு இருந்தா எடுத்திருப்பேன்."

நவமணிக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. டிக்கெட் வைத்திருந்தவளை, வண்டி நிறைந்த கூட்டத்தில், பையைக் கொட்டிக் காட்டச் சொன்னது மாதிரி இருந்தது.

*

விக்னேஸ்வரனின் லாரிக் கொட்டகை ஊருக்கு வெளியே பெரிய சாலையில் இருந்தது. கொதிக்கிற வெயில். வரிசையாக நின்ற லாரிகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒன்றின் மேல் மட்டும் தார்ப்பாய் போர்த்தி, யானையைக் கட்டுகிற மாதிரி கயிறு போட்டு இறுக்கியிருந்தது.

"அது என்னா லாரிண்ணே?" என்று நவமணி, நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவரைக் கேட்டாள். அவர் பெயர் மாயாண்டி.

"நாற்காலி எறக்கிட்டு வந்ததும்மா. காலி லாரிதான்."

"காலி லாரிக்கு எதுக்குண்ணே தார்ப்பாய்? காத்து கொட்டிருமா?" என்றான் கால்வின். போன உயிர் அவனுக்குக் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"எனக்கு என்னா தெரியும் தம்பி? இன்னைக்கு மொதலாளியே ஓட்டிட்டுப் போனாரு. இருவது வருஷமா ஸ்டேரிங்கத் தொடாத மனுஷன். முடிச்சும் அவரே போட்டாரு. அவுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

விக்னேஸ்வரன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் மாலை போட்ட அப்பாவுவின் படம். விழாவுக்காக வெள்ளைச் சட்டையும் ஜரிகை வேட்டியும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. நவமணி வந்த காரியத்தைச் சொன்னதும் நிமிர்ந்து, நேராக அவள் கண்ணைப் பார்த்தார்.

"பலகையா? எனக்கு ஒண்ணும் தெரியாது. வாங்க வர்ற பொம்பளைதான் எடுத்திருக்கும்னு தலைவர் சொன்னாரே."

நேராகக் கண்ணைப் பார்த்தார். நவமணிக்கு அது போதும்.

"பாஸ், தார்ப்பாய அவுத்துரட்டா?" என்று காதில் கிசுகிசுத்தான் கால்வின்.

"வேணாம்." நவமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, இன்னைக்கு மத்தியானம் ஒரு வீட்டத் தொறந்து பாத்துட்டேன். அரிசி டின்னு வரைக்கும் பாத்துட்டேன். அதுக்கு மேல இன்னைக்கு நான் ஒண்ணையும் தொறக்கிறதா இல்ல. லாரியில என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "என்னா தெரியும்?"

"காலையில பலகைக் கடைக்காரன் உங்களுக்குப் படம் அனுப்பியிருப்பான், சரி பாக்கச் சொல்லி. மேல உங்க அப்பா பேரு. கீழயும் உங்க அப்பா பேரு. அது வரைக்கும் அந்தப் பேரு உங்க கண்ணுல படல, காகிதம் ஒட்டி மறைச்சிருந்தாங்க. பேர மாத்துன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. வரமாட்டேன்னும் சொல்ல முடியாது, நிதி உங்களோடது. பலகை இல்லேன்னா படம் இல்ல, படம் இல்லேன்னா விழாவே இல்லன்னு நெனச்சீங்க."

விக்னேஸ்வரன் மேசையில் ஓங்கி அடித்தார். "வேணும்னே பண்ணியிருக்கா! ஊரக் கூட்டி மேடையில வச்சு என் மானத்த வாங்கணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா!"

"அவங்க காலையில எட்டு மணிக்கே போன் பண்ணி மேடைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"என்னது?"

"படம் வேணாம், பலகை வேணாம்னாங்க. நீங்க லாரிய எடுத்தது ஒம்பது மணி. விமலாவ ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல." நவமணி முன்னால் குனிந்தாள். "ஏன் வரலேன்னு கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கான்னு தம்பி சொன்னது பொய்னு ஊருக்குத் தெரிஞ்சிரும், அவனுக்கு அசிங்கமாயிரும்னு சொன்னாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு அவங்க பேர திருடின்னு எழுதி வெட்டப் போறாங்க. அப்பக் கூட உங்க பேரு அவங்க வாயில இருந்து வராது. நீங்க இருபத்திரண்டு லாரியிலயும் அப்பா பேர எழுதியிருக்கீங்க. அதே அப்பா பேர வச்சிருக்கிறவங்க ஈப்போவுக்கு வர வண்டி இல்லாம பதினோரு தடவை ஊசி போடாம வீட்டுல கெடந்திருக்காங்க."

விக்னேஸ்வரன் தலைக்கு மேல் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. நவமணியையும் பார்க்கவில்லை. தலை மெல்லத் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே, கயிறு போட்டுக் கட்டிய லாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த மாடி?" என்றார்.

*

கால்வினின் காடியில் பின் இருக்கையில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். ஒரே ஒரு தரம் விமலாவுக்குப் போன் பண்ணினார். "பலகைய நான்தான் எடுத்தேன். அந்தம்மா பேர வெட்டிராதீங்க." விமலா, "நீங்களா ஐயா? தெரியாம ஏறிருச்சா?" என்று அலறியது முன் இருக்கை வரை கேட்டது. "இல்ல. தெரிஞ்சுதான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றரை மணி. இரண்டாம் மாடியில் செல்லாயி, மதியம் போட்ட நாற்காலியில் அப்படியே இருந்தாள். மற்றக் கதவுகளும் சாத்தப்படவில்லை. திருட்டுக் கேஸ் எப்படி முடிகிறது என்று தெரியாமல் அந்தக் குடியிருப்பில் யாரும் சாப்பிட்டிருக்கவே மாட்டார்கள்.

கருப்பம்மாள் கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மேல வர்றப்ப யாராச்சும் பாத்தாங்களா?"

அவர் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார்.

"யாரு கருப்பு அது? பளபளன்னு வேட்டி கட்டிக்கிட்டு?" என்று கேட்டாள் செல்லாயி.

கருப்பம்மாள் கண்ணிமைக்கவில்லை. ஒன்பது வருஷமாக மனப்பாடம் பண்ணி வைத்த மாதிரி, "தெரிஞ்சவங்கக்கா. தோட்டத்துல எங்க பக்கத்து வீட்டுத் தம்பி," என்றாள்.

லாரி மோதினால் கூட அசையாத உருவம் விக்னேஸ்வரனுடையது. அந்த ஒரு வரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல," என்றார், தரையைப் பார்த்து. "கூடப் பொறந்த தம்பி."

"என்னா?" என்றாள் செல்லாயி. "சத்தமாச் சொல்லுப்பா. காது அடைப்பு."

"தம்பி."

"ஆங்?"

மேல்மாடிக் கம்பியில் தலைகள் காய்க்க ஆரம்பித்தன. விக்னேஸ்வரன் அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். முகம் செங்கல் நிறமாகிவிட்டது. பிறகு லாரிக்குப் பின்னால் நின்று டிரைவரைக் கூப்பிடுகிற குரலில், நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நான் இவங்க கூடப் பொறந்த தம்பி! அப்பாவு மகன்! பக்கத்து வீட்டுக்காரன் இல்ல! பலகைய எடுத்தவனும் நான்தான்! எங்க அக்கா இல்ல!"

ஐந்து மாடிக்கும் கேட்டது. ஈப்போ ரயில் நிலையத்திலேயே ஆட்கள் திரும்பிப் பார்த்ததாகக் கால்வின் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

செல்லாயி தலையை ஆட்டினாள். "இதத்தான மொதல்லயே சொல்லணும்? சரி, உள்ள போ."

அவர் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, "திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா. அந்த நிதி வேற யாருக்காச்சும் போகட்டும்," என்றார்.

கருப்பம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோட்டத்தில் எந்த மரம் பால் தரும், எது ஏய்க்கும் என்று முப்பது வருஷம் பார்த்த கண் அது.

"வேன் வரட்டும்," என்றாள். "நீயும் வா. ஒரு வருஷம் ஒழுங்கா வர்றியான்னு பாத்துட்டு அப்பறமா வேன நிப்பாட்டலாம்." அப்புறம் அவர் வேட்டியைப் பார்த்தாள். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. வீடு கூட்டியிருக்கு."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நவமணி வாசலுக்கு வெளியேயே நின்றாள். மதியம் நுழைந்து சோதனை போட்ட வீட்டின் வாசல் அது. மன்னிப்புக் கேட்கத்தான் மாடி ஏறியிருந்தாள். கருப்பம்மாள் திரும்பி, "நீங்களும் வாங்க தாயி, தேத்தண்ணி போடறேன்," என்றபோது, கேட்க வந்ததைக் கேட்காமலே ஒரு படி பின்வாங்கினாள். இன்னொரு நாள் வருவதாக மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

காடி சாலையில் ஏறியது. கால்வின் நான்கு மைல் வரை பொறுத்துப் பார்த்தான்.

"கேஸ் முடிஞ்சிருச்சு பாஸ். திருடன் கெடச்சாச்சு. பலகை கெடச்சாச்சு. விமலா அக்கா இருநூறு கறிபாப்ல நமக்கு அம்பதாவது குடுக்கணும்."

"பாஸ்?"

கால்வின் ஓரக்கண்ணால் பார்த்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பையில் காசில்லாமல் பஸ் ஏறிய அன்று, தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

நவமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுலா," என்றாள், திரும்பாமலே.

அவன் கறிபாப் பேச்சை விட்டுவிட்டு ஓட்டினான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் அவளும் அவனை இறக்கிவிடவில்லை.